மிளகுத் தலையில் இரண்டு கண்

இது நடந்தது. ஆழ்வார்குறிச்சியில், பட்டப்பகலில் நடந்தது. சுடுகாடு, புளியமரம், அமாவாசை எதுவும் இதில் கிடையாது. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் ஆள் இல்லாத வீட்டில், உச்சிவேளையில் உட்கார்ந்து இதை வாசித்துப் பார்க்கலாம்.

அவள் பெயர் இசக்கிச்செல்வி. வீட்டில் இருந்தபடியே ஈயப் பொம்மைகளுக்குச் சாயம் தீட்டுகிறவள். குழந்தைகள் விளையாடும் பொம்மைகள் இல்லை. இங்கிலாந்தில் சில பெரிய மனிதர்கள் மேசைமேல் மலையும் ஓடையும் செய்து வைத்து, பழைய காலத்துப் போர்களைப் பொம்மைகளை நகர்த்தி மறுபடி நடத்துகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய பட்டாளங்களைப் பாளையங்கோட்டை வில்சன் அண்ணாச்சி பெட்டி பெட்டியாக வரவழைத்து, சாயம் தீட்டித் திருப்பி அனுப்புவார். கோட்டு, பெல்ட், துப்பாக்கி எல்லாம் வேறு பெண்கள் முடித்துவிடுவார்கள். முகம் மட்டும் செல்விக்கு வரும். பொம்மை கட்டைவிரலைவிடச் சிறியது. தலை ஒரு மிளகு. அந்த மிளகில் இரண்டு கண் வைக்க அவளை விட்டால் ஆள் இல்லை.

அவள் அப்பா சுடலைமணி வேளார், கோயில் கொடை விழாக்களுக்கு மண்ணில் மாடன் சாமி சிலை செய்கிறவர். எல்லாச் சாயமும் தீட்டி முடித்துக் கடைசியில்தான் கண் திறப்பார். அப்போது சிலைக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடி நிற்கும். முதல் பார்வை அதில்தான் விழ வேண்டும். மனுசர்மேல் விழக் கூடாது. அந்த நேரம் எதிரே நாய் படுத்திருந்தால்கூட விரட்டிவிடுவார்கள். பார்த்து வளர்ந்தவள் ஆனதால் செல்வியும் ஈயப் பொம்மைக்கு அதையே செய்தாள். தண்ணீர்க் குவளையில் ஒரு வட்டக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் கண் எழுதுவாள். இல்லாவிட்டால் கை ஓடாது.

கணவன் ஜெர்வின், உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். சரக்குக் கப்பலில் வேலை. கல்யாணமான பிறகு அவன் வீட்டில் இருந்த நாட்களைவிடக் கடலில் இருந்த நாட்கள்தான் அதிகம். செல்விக்குப் புருசன் என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒளிரும் ஒரு முகம். அது வரும், சிரிக்கும், சிக்னல் போனால் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். கப்பலுக்குப் போனவன் திரும்பாத வீடுகளை அவன் ஊரில் அவள் பார்த்திருக்கிறாள். அந்த வீடுகளின் வாசலைத் தாண்டும்போது அவளுடைய நடை தானாக வேகமாகிவிடும். ஜெர்வின் திரும்பி வர வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

அந்த மாதம் வந்தவை இரண்டு பட்டாளம். சிவப்புக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள் ஒரு பெட்டியில். மாட்டுத்தோல் கேடயமும் ஈட்டியும் பிடித்த ஜூலு வீரர்கள் இன்னொரு பெட்டியில். வில்சன் போனில் சொன்னார்:

“தங்கச்சி, இதுல கொஞ்சப் பேரு செத்துக் கிடக்கான். அவனுவளுக்குக் கண்ணு வேண்டாம். மூடின மாதிரி ஒரு கோடு இழுத்தாப் போதும்.”

“செத்தவனுக்கும் சாயமா அண்ணாச்சி?”

“நாலு பேரு செத்துக் கிடந்தாத்தானம்மா சண்டை நடந்த மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் கேக்கான். நமக்கென்ன?”

திங்கட்கிழமை. கரண்ட் இல்லை. ஜன்னல் ஓரம் மேசையைப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணி வாக்கில் ஜெர்வின் வீடியோ காலில் வந்தான். போனை நிறுத்த மேசையில் இடம் இல்லை. கண்ணாடியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் போனைச் சாய்த்து வைத்தாள்.

“ஏட்டி, என்ன செய்யுத?”

“உங்கள நெனச்சி ஏங்கிக்கிட்டு இருக்கேன்.”

“கையில பிரஷ் ஓடுது. ஏங்குதவ லெச்சணமா இது?”

“எங்க இருக்கீங்க இப்போ?”

“டர்பன் துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டுக் கிடக்கோம். உள்ள போக ஒரு வாரம் ஆவும். நெட்டு நல்லாக் கிடைக்கு, தெனமும் உன் மூஞ்சியப் பாக்கலாம். சரி, உங்க அப்பா மாடனுக்குக் கண்ணாடி காட்டுதாரு. நீ வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கும் காட்டுத. எங்க அந்தோணியாரு கண்ணாடியே பாத்ததில்ல, அவரு நல்லாத்தான பாக்குதாரு?”

“இத உங்கம்மா கேக்கணும். வெளக்குமாத்த எடுப்பாவ.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பின் நடுவில் படம் நின்றுவிட்டது. எப்போதும் நடப்பதுதான். வரும் என்று அவள் காத்திருந்தாள். கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. வெள்ளை வைத்து, அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொரு கறுப்புப் புள்ளி.

பிறகுதான் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

பொம்மைகளையெல்லாம் மருந்துப் பாட்டில் மூடியில் ஒட்டி, மூடியைப் பிடித்துக்கொண்டுதான் சாயம் தீட்டுவாள். பேச்சு மும்முரத்தில் எடுத்தது நிற்கிறவனை இல்லை. மல்லாந்து, ஒரு கையை விரித்துக் கிடக்கும் ஜூலு வீரன். செத்தவன். மூடியை நிமிர்த்திப் பிடித்திருந்ததால் அவன் எழுந்து நிற்பதுபோல் இருந்தது.

அவனுக்குக் கண் திறந்துவிட்டாள்.

எதிரே கண்ணாடி இல்லை. சிரிப்பில் உறைந்த ஜெர்வின் முகம்தான் இருந்தது.

போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தப்... தப்... தப்... காய்ந்த தோலில் கம்பால் அடிப்பதுபோல.

“ஏங்க... என்ன சத்தம் அது?”

அழைப்பு அறுந்தது. திரை கறுத்தது.

சத்தம் அறுபடவில்லை. தப்... தப்...

பொம்மைகள் காய வைத்திருந்த தட்டிலிருந்து வந்தது.

கரண்ட் வந்து எதிர்வீட்டு மிக்சி ஓட ஆரம்பித்தது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளும் அதே நேரத்துக்கு அழைத்தான். கண் சிவந்திருந்தது.

“ராத்திரி டூட்டி முடிச்சிக் காலையில படுத்தா தூக்கமே இல்லட்டி. கேபினுக்கு வெளிய எவனோ வெறுங்காலோட நடக்கான்.”

“கப்பல்ல வெறுங்காலா?”

“அதான். எல்லாவனும் பூட்சுதான். கதவத் தொறந்தா ஆளு இல்ல. மண்ணு கிடக்கு. செவப்பு மண்ணு, நம்ம தேரி மண்ணு கணக்கா. கடலுக்குள்ள ஏதுட்டி மண்ணு?”

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இந்த முறை சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அவள் வில்சனை அழைத்தாள். “அண்ணாச்சி, இந்தக் கேடயம் வச்சிருக்கவங்க எந்த ஊருக்காரங்க?”

“ஆப்பிரிக்காம்மா. டர்பன் இருக்குல்லா, அதச் சுத்தித்தான் அவங்க பூமி. எதுக்குக் கேக்க?”

சும்மாதான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தட்டைப் பார்த்தாள். செத்தவன் கிடந்தான். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. முதலிலிருந்தே அப்படித்தானா? வில்சன் அனுப்பியிருந்த படத்தைப் போனில் எடுத்துப் பார்த்தாள். படத்தில் அவன் நேராக வானத்தைப் பார்த்துக் கிடந்தான்.

ஈயம் திரும்பாது.

வியாழக்கிழமை ஜெர்வின் குரலே மாறியிருந்தது. ரகசியம் பேசுகிறவன்போலப் பேசினான்.

“ஆளு நிக்கான் செல்வி. கேபின் வாசல்ல.”

“யாரு?”

“தெரியல. ஒண்ணும் செய்யல. பாக்கான்... சும்மா பாக்கான். இமைக்கவே மாட்டக்கான்.”

செல்வி அன்று சாப்பிடவில்லை. அப்பாவிடம் சொன்னால் பொம்மையை ஆற்றில் போடச் சொல்வார். போட்டால் தண்ணீருக்கடியில் அது பார்த்துக்கொண்டேதான் கிடக்கும். திறந்தது அவள். மூட வேண்டியதும் அவள். அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை, உச்சிவேளை. சுவரில் அந்தோணியார் படமும் இசக்கியம்மன் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இரண்டின் முன்னாலும் நின்றாள். அழுதுகொண்டு கும்பிட்டாள். அவரை விட்டுரு, அவரை விட்டுரு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு ஒரு வாக்கியம் வந்தது. அவள் யோசித்துச் சொன்னதில்லை. எங்கோ அடியில் தயாராக இருந்து, தானாக வாய்க்கு வந்தது.

“அந்தக் கப்பல்ல வேற ஆளே இல்லையா?”

சொன்னபின் அது தன் குரல்தானா என்று நினைத்தாள். தன் குரல்தான். திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மேசையில் உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டே கால். செத்தவனின் இமைக்குக் காப்பிக்கொட்டை நிறத்தைக் குழைத்தாள். மூடியைக் கையில் எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

முதலில் வலது கண்.

பிரஷ் முனை அமுங்கியது.

ஈயம் அமுங்காது. இது அமுங்கியது. ஈரமாக... மெத்தென்று... உயிருள்ள இமைபோல. அடியில் ஏதோ உருண்டது.

கையை எடுக்கவில்லை.

இடது கண்.

துடித்தது. மூட விடமாட்டேன் என்பதுபோலத் துடித்தது. அவள் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

அடங்கியது.

வீடு முழுவதும் அமைதி. நான்கு நாளாக எங்கோ அடித்துக்கொண்டே இருந்த அந்தத் தப்... தப்... நின்றிருந்தது. அது நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் ஜெர்வின் போனில் வந்தான்.

“நீங்க நல்லா இருக்கீங்களா?”

“எனக்கு ஒண்ணுமில்லட்டி. எங்கூட கேபின்ல இருந்த பையன், ரேமண்டு... காலையில செத்துட்டான். நெஞ்சுவலிங்காங்க. சின்ன வயசு. பொண்டாட்டி வேற மாசமா இருக்கா.”

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று அவன் நினைத்தான். அந்தக் கைக்குப் பின்னால் தன் உதடுகள் எப்படி இருந்தன என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பொம்மைகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. இரண்டு மாதம் கழித்து ஜெர்வினும் வந்து சேர்ந்தான். முழுசாக, உயிரோடு. முதல் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன், பாதிச் சோற்றில் கையை நிறுத்தினான்.

“போன்ல சொல்ல முடியலட்டி. அந்தப் பய ரேமண்டு சும்மா சாவல.”

அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அந்தத் திங்கக்கிழமை உங்கிட்டப் பேசும்போது படம் நின்னுச்சில்லா? சிக்னல் வரட்டும்னு நான் டீ எடுக்கப் போயிட்டேன். என் போன அவன்தான் வாங்கினான். ‘குடுங்கண்ணே, மைனி பொம்மை செய்யதப் பாக்கேன்’னான். நான் திரும்பி வாரேன், அவன் போனக் கீழ போட்டுட்டு நடுங்குதான். ‘அது என்னப் பாத்துட்டுண்ணே’ங்கான். அன்னைலேந்துதான் எல்லாம்.”

“செத்த அன்னைக்கு... என்ன ஆச்சி?”

“படுத்திருந்தவன் எந்திரிச்சி உக்காந்தான். ‘அண்ணே, என் வலது கண்ணுல யாரோ ஈரமாத் தடவுதாங்க’ன்னான். பாக்கேன், இமை மூடிக் கிடக்கு. நானும் விரலால இழுத்துப் பாத்தேன். தொறக்கல. ‘இன்னொண்ணையும் மூட வாரா, தடுங்கண்ணே’ன்னு கத்துதான்.”

“வாராளா?”

“பொம்பளன்னுதான் சொன்னான். ‘மூச்சப் பிடிச்சிட்டுக் குனியுதா’ன்னான். ரெண்டாவது கண்ணும் மூடிச்சி. அவ்வளவுதான், சாஞ்சிட்டான்.”

“மணி... என்ன இருக்கும்?”

“எங்களுக்குக் காலையில எட்டே முக்கால். உங்களுக்கு மூணரை மணி நேரம் கூட.”

அவள் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டத் தேவையில்லை.

“கரையிலேந்து டாக்டர் வந்தாரு. பஞ்ச வச்சி இமையத் தொடச்சாரு. பஞ்செல்லாம் சாயம், காப்பிக்கொட்டை நெறத்துல. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்க வேலதான அவனுக்கு, தெறிச்சிருக்கும்னு சொல்லிட்டாரு.” ஜெர்வின் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான். “ஆனா எங்க கப்பல்ல அந்த நெறமே கெடையாதுட்டி.”

செல்வி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.