பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவிய உத்தியோகம்

தோலுக்குத் தண்ணீர் ஆகாது. கல்கத்தாவிலோ ஆடி பிறந்தால் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. இங்கே குமாஸ்தாவாகக் குப்பை கொட்டும் நண்பர்களே, என் கதை உங்களுக்காவது புரியும்.

மீன் எண்ணெய்

மாட்டுக் கொழுப்பு, மீன் எண்ணெய், தேன்மெழுகு மூன்றையும் உருக்கி, வெதுவெதுப்பாகப் பூட்ஸில் தேய்க்க வேண்டும். தையல் ஓரங்களில் இரண்டு தடவை. எங்கள் வெள்ளைக்கார பூட்ஸ் கம்பெனியில் தேய்ப்பவன் மிஸ்திரி. சரியாக ஊறியதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவன் நான், தஞ்சாவூர் ஜில்லா பிராமணன்.

எனக்குத் தாய் தகப்பன் இல்லை. மனைவி மாயவரத்தில் பிறந்த வீட்டில் இருந்தாள். "உத்தியோகத்தை நேரில் பார்த்துவிட்டுப் பெண்ணை அனுப்புகிறேன்" என்று மாமனார் எழுதியிருந்தார். கம்பெனியில் வேலை என்பதற்கு மேல் நான் அவருக்கு எதுவும் எழுதவில்லை. எத்தனை முறை குளித்தாலும் வாடை போகாது. தலைமைக் குமாஸ்தா ஹால்தார் பாபு ஒருநாள் என்னை மோந்து பார்த்துச் சொன்னார்: "மொஷாய், என் வீட்டில் இலிஷ் மீன் பொரிக்கிற அன்றைக்குக்கூட இவ்வளவு மணக்காது!"

நல்லெண்ணெய்

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கொழுப்பையும் மீனையும் விட்டுவிட்டு, நல்லெண்ணெயில் மெழுகைக் கரைத்து மிஸ்திரியிடம் கொடுத்தேன். அப்படித் தேய்த்த முதல் ஜோடி ஒரு கர்னலுடையது. பத்து நாள் மழையில் பிசுபிசுத்து, பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. கம்பெனி துரை அதிலிருந்த தண்ணீரை என் மேஜைமேல் கவிழ்த்தார்: "பாபு, இது பூட்ஸா, உன் வீட்டு ஊறுகாயா? நாளையிலிருந்து மிஸ்திரி வேண்டாம், நீயே தேய்!"

மெஸ்

தேய்த்தேன். கொழுப்பு முழங்கைவரை ஏறியது. காளிகாட்டில் எங்கள் மெஸ் சமையற்காரர் நல்ல மனுஷர், சொல்லவே கூச்சப்பட்டார்: "அண்ணா, கோச்சுக்காதேங்கோ, உங்க இலையை முத்தத்துல போட்டிருக்கேன். மத்தவாளுக்குச் சாதம் இறங்கலை."

முற்றத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அன்று அழுதுவிட்டேன்.

மாமனார்

காசிக்குப் போகிற வழியில் மாமனார் வந்து இறங்கினார். ஹௌராவில் அவருடைய தோல் பை நனைந்து, காய்ந்து, அப்பளமாக விறைத்துவிட்டது. "ஏதாவது பண்ண முடியுமா மாப்பிள்ளை?" என்றார். எனக்கு உயிர் வந்தது. பையைக் கம்பெனிக் கிடங்குக்கு எடுத்துப் போய், அதே கொழுப்பைத் தேய்த்து இரண்டு நாள் உழைத்தேன். தோல் துணிபோல மடங்கியது. தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

மூன்றாம் நாள் பையை வாங்கிக்கொள்ள, சொல்லாமல் கொள்ளாமல், விசாரித்துக்கொண்டு கிடங்குக்கே வந்துவிட்டார். மடியில் யாரோ ஒரு வெள்ளைக்காரனுடைய பூட்ஸ், முழங்கைவரை கொழுப்பு, அப்படி உட்கார்ந்திருந்தேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை ஒரே தடவைதான் பார்த்தார்.

"பை பேஷா இருக்கு மாப்பிள்ளை, காசிக்கு எடுத்துண்டு போறேன். பொண்ணு மாயவரத்துலயே இருக்கட்டும்."

ஏழு மழைக்காலம் ஆகியும் பைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை என்று வருஷம் தவறாமல் எழுதுகிறார். என் வேலைக்கு வேறென்ன நற்சாட்சி வேண்டும்?