பெரியப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

எங்கள் குடும்பத்தில் யார் தும்மினாலும் முதல் போன் பெரியப்பாவுக்குத்தான் போகும். மலேசியாவில் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் எட்டிப் பார்க்காத இடத்தில் காயத்துக்குக் கட்டுப்போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, பிரசவம்வரை பார்த்த மனிதர். அதெல்லாம் சரி. தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய பிறகும், அவர் சொன்னால்தான் எங்கள் ஆட்கள் பனடோல் மாத்திரைகூட விழுங்குவார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

கோவிட் நேரத்தில் கிள்ளானில் இருந்த என் அண்ணன் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பார்க்க யாரையும் விடவில்லை. அண்ணிக்குத் துணையாக நான் அவர்கள் வீட்டிலேயே தங்கி, என் பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் வேலையைச் சமையலறை மேசையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். தமிழ்ப் பெண். அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இப்ப கிருமியைவிட அவரோட உடம்புதான் பிரச்சனை. கிருமியை விரட்டுற சக்தி அளவு மீறிப்போய் அவர் நுரையீரலையே புண்ணாக்குது. வழக்கமா கொடுக்குற மருந்து பத்தலை. அதை அடக்க இன்னொரு ஊசி இருக்கு. வேற தொற்று வர்ற ரிஸ்க்கும் இருக்கு. ஆனா போடுறது நல்லதுன்னு நினைக்கிறேன். சம்மதம் சொல்லுங்க."

"பெரிய மாமாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன் டாக்டர்" என்றாள் அண்ணி.

பெரியப்பா யோசித்துத்தான் பேசினார். "நோயோட மல்லுக்கட்டுற நேரத்துல எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறதாம்மா? எனக்குச் சரியா படல. வேணாம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். செராஸில் இருக்கும் சித்தி நெல்லிக்காய்ச் சாறு அனுப்புவதாக எழுதினாள், சக்தி கூடுமாம். கூடித்தானே அந்த மனிதர் அங்கே கிடக்கிறார் என்று எழுதினேன்.

அண்ணியிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அவள் மசியவில்லை. "டாக்டருக்கு அவரு ஒரு பேஷண்ட். மாமாவுக்கு அவரு பிள்ளை லா. யாரு பேச்சைக் கேக்கச் சொல்ற?"

மறுநாள் காலையில் அண்ணனுக்குத் தொண்டையில் குழாய் விட்டு மூச்சுக் கருவி பொருத்திவிட்டார்கள். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. டாக்டரையும் பெரியப்பாவையும் ஒரே அழைப்பில் இணைத்து, "நீங்களே பேசிக்குங்க" என்று போனை மேசைமேல் வைத்தேன். டாக்டர் அவரை அங்கிள் என்று கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். பெரியப்பா, எதிர்ப்பு சக்தியைக் குறைத்தால் உள்ளே பதுங்கியிருக்கும் காசநோய் தலைதூக்குமே, அது இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். பார்த்தாயிற்று என்றதும், "அப்ப போடுங்க டாக்டர்" என்றார். இத்தனைக்கும் அந்தப் பேச்சு முடிய ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஊசி போட்டார்கள். அண்ணன் பிழைக்கவில்லை. முதல் நாளே போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். பிழைத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

கருமாதி அன்று பெரியப்பாவை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடும் முடிவோடுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அவ்வளவு படிச்ச டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் என்னை ஏம்மா கேட்டீங்க? கேட்டா நான் சொல்லத்தானே செய்வேன்."

கேட்க வந்ததை என்னால் கேட்க முடியவில்லை.

அப்போது அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "மாமா, இவளுக்கு நேத்துலேர்ந்து இருமல். கொஞ்சம் பாருங்களேன்."

"கிளினிக்குக் கூட்டிட்டுப் போம்மா."

"போறேன் மாமா. நீங்க முதல்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று பிள்ளையை அவர் முன்னால் நிறுத்தினாள்.