எருமைக்கொம்புப் பிடி

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த என் மனைவியின் தம்பி, எருமைக்கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தியால் மாம்பழம் வெட்டினான். "இதல்லோ கத்தி!" என்று மனைவி வியந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. என்னுடையது வெறும் பிளாஸ்டிக் பிடியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகும்.

அவனுடையதைப் போலவே கொம்புப் பிடியும் காபன் ஸ்டீல் அலகுமாக ஒன்று செய்வித்தேன். நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையின் கடற்காற்றில் சில வாரங்களிலேயே அலகு துருப்பிடித்தது. வெட்கத்தில் அதை அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன்.

அடுத்த முறை வந்தவன் என் பழைய கத்தியை எடுத்துப் பார்த்தான்.

"அத்தான், இதைப் பார்க்க எனக்குச் சரியான பொறாமை. கழுவி வச்சாக் காணும், துருவே பிடிக்காது. நான் என்ர கத்திக்கு ஒவ்வொரு நாளும் எண்ணெய் பூசிக் களைச்சுப் போனன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பொறாமையை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட அவனுக்கு முடிந்தது. எனக்கு இன்னும் வாய் வரவில்லை.