கராச்சிக்கு ஒன்றரை நாள்

மேல்விஷாரத்தில் முனீர் அகமதுவின் தோல் பதனிடும் கூடத்தில் சவுரியம்மாளுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: பதமான தோலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டுவது. அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கராச்சிக்குப் போகும் தோலை முழுக்கக் காயவிட மாட்டாள். லேசான ஈரத்தோடேயே மடித்துச் சாக்கில் தைத்துவிடுவாள். அரக்கோணத்தில் ரயிலேறி நாலைந்து நாள் கிடந்து போவதற்குள் எண்ணெய் உள்ளே இறங்கி, தோல் மெத்தென்று ஆகிவிடும். பாதி வேலை ரயிலுடையது, பேர் அவளுக்கு.

1932-ஆம் வருஷம் தோல் விலை படுத்துவிட்டது. பக்கத்துக் கூடங்களையெல்லாம் பூட்டிக்கொண்டிருந்தார்கள். முனீருக்கு மிச்சமிருந்தவர் ஒரே ஒரு கராச்சி வியாபாரிதான். மாதிரித் தோல் அவசரமாக வேண்டும் என்றார் அவர். மதராஸிலிருந்து வாரம் ஒருமுறை தபால் விமானம் புதிதாகப் பறக்கத் தொடங்கியிருந்ததால் முனீர் அதில் அனுப்பினார். சவுரியம்மாள் வழக்கம்போல ஈரத்தோடேயே கட்டிக் கொடுத்தாள்.

விமானம் ஒன்றரை நாளில் கராச்சியில் இறங்கியது. எண்ணெய் இறங்கவில்லை. தோல் முழுக்கப் பிசுபிசுப்பு, மடிப்பெல்லாம் கறை. அடுத்த விமானத்தில் நல்ல தோல் வராவிட்டால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வதாகத் தந்தி வந்தது.

"இன்னா பண்ணி வச்சிருக்க சவுரி? கூடத்தையே மூட வச்சிடுவ போல! நாளைலேர்ந்து நீ வர வேணாம்," என்று கத்தினார் முனீர்.

சவுரியம்மாளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை.

"தப்பு என்னுதுதான் பாய். ரயிலு செய்ற வேலய ஏரோப்ளேன் செய்யாதுன்னு எனக்குத் தோணல. இன்னொரு தோல் குடுங்க. என் கையால கெட்டது என் கையாலதான் நேராவணும்."

முனீர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு தோலைக் கொடுத்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூடத்துக் கொட்டகை ஒழுகியதால், எண்ணெய் போட்ட தோலைத் தன் குடிசைக்கே கொண்டுபோய்க் காற்றுப்படும்படி விரித்துக் கட்டினாள். புகை பட்டால் நிறம் போய்விடும் என்று அடுப்பே மூட்டவில்லை.

"அடுப்பு மூட்டாம இன்னாத்த துன்ற?" என்றாள் அடுத்த வீட்டு எல்லம்மா.

"நீ குடுக்கறதத்தான்!"

நாலு நாள் கழிந்ததும், பொறுக்கமாட்டாமல் முனீர் வந்து நின்றார். "போதும், குடு. நாளைக்கு சாயங்காலம் மதராஸ்ல தபால் மூட்டை கட்டிடுவாங்க."

"அப்ப நாளைக்குக் காலைல தர்றேன்."

"பேஜார் பண்ணாத சவுரி!"

"ஏரோப்ளேன் வேகமா பறக்கட்டும் பாய், தோலு அதும் போக்குலதான் காயும். வழில மிச்சமாவற நாள இங்கயே செலவு பண்ணியாவணும்."

மறுநாள் காலையில்தான் கொடுத்தாள்.

அடுத்த தந்தி தன் வீட்டுக்கு வந்ததும், கூடத்துக்குப் போகாமல் முனீரே நேராக அவள் வீட்டுக்கு ஓடினார். கதவு சாத்தியிருந்தது.

"வேலைக்குப் போய்ட்டாளே," என்றாள் எல்லம்மா. "வர வேணாம்னா கேக்கற ஆளா அவ?"

கூடத்தில், முழங்கை வரை எண்ணெயோடு குனிந்திருந்தாள் சவுரியம்மாள். தந்தியோடு வந்தவரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

"சரக்கு வேணுமாம் சவுரி. ஒரு வேகன் நெறய."

"எதுல போவுது?"

"ரயிலுலதான்."

"அப்ப ஈரத்தோடயே கட்டிடறேன்," என்றாள். அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. கையெல்லாம் எண்ணெய், கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.