மலைக்காற்றை அடைத்த பலகை

எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீட்டின் முன்னறை பத்தடி நீளம். அதில் எட்டடிப் பலகை ஒன்றை ஐந்து மாதம் கிடத்தி வைத்திருந்தேன். மிச்சம் இருந்த இடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் குடும்பம் நடத்தினோம். யாராவது வந்தால் நாற்காலி போட இடமில்லை, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். பேச்சு என்ன, விசாரணைதான். மாட்டுப்பட்டி அணைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் குடியிருக்கிறவளுக்கு எதற்குக் கடலில் அலைமேல் ஏறி நிற்கிற பலகை? நான் பதில் சொல்வதை முதல் மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஆசை பிடித்தது வர்க்கலா கடற்கரையில். தேயிலைத் தொழிற்சாலையில் நான் பேக்கிங் பிரிவு. எங்கள் பிரிவு ஆட்கள் சேர்ந்து போன சுற்றுலாவில், வாடகைக்கு ஒரு பலகை வாங்கி இடுப்பளவு தண்ணீரில் படுத்தேன். ஏழு முறை கவிழ்ந்தேன். எட்டாவது முறை ஒரு நுரை அலை என்னைப் பின்னாலிருந்து தூக்கி, கரை மணலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. படுத்தபடிதான் வந்தேன். ஆனாலும் அந்தப் பத்து வினாடிக்காக நாற்பத்தொரு வயது வரை காத்திருந்தேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஊர் திரும்பியதும் கைப்பேசியில் தேடினேன். உள்ளே ஒன்றுமில்லாத மரப்பலகையை வீட்டிலேயே செய்கிற வெள்ளைக்காரர் ஒருவரின் வீடியோ கிடைத்தது. உள்ளே சட்டம், மேலும் கீழும் மெல்லிய தகடு. எங்கள் வீட்டில் மாதம் நாலு செய்கிற பொள்ளல் கதவு மாதிரியேதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஆசாரி. கதவும் சன்னலும் அவர் வேலை. விடுமுறை நாட்களில் அவருக்கு அளவு பிடித்து, இழைத்துக் கொடுத்து, எனக்கும் கை படிந்திருந்தது. போன வருடம் நானே தனியாக ஒரு முக்காலி செய்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அவர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதனால் பலகை விஷயத்தில் முதல் நாளே சொல்லிவிட்டேன். இதில் அவர் கை படக்கூடாது. ஒரு ஆணிகூட அவர் அடிக்கக்கூடாது. மிதந்தாலும் என் பெயர், மூழ்கினாலும் என் பெயர். அவர் சரி என்று தலையாட்டினார். இரண்டு வாரத்தில் விட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

தேயிலைக்கு நிழலுக்காக நட்டு, காற்று சாய்த்த சில்வர் ஓக் மரம் ஒன்றை எஸ்டேட்டில் கேட்டு வாங்கினேன். எங்கள் ஊர்ப் பனியில் மரம் காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். அடுத்த வீட்டுக் கொழுந்தனார் பிக்கப் ஓட்டுகிறார், காந்தலூரிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றுவார். அவர் வண்டியில் மரத்தைப் போடிமெட்டு வழியாகப் போடிக்கு அனுப்பி, மில்லில் மெல்லிய பலகைகளாக அறுத்து, அங்கேயே என் தங்கை வீட்டு மொட்டை மாடியில் ஒரு மாதம் வெயிலில் போட்டேன். திரும்பி வந்தபோது தட்டினால் கணீர் என்றது.

சட்டம் பூட்டி முடித்ததும் முன்னறையில் ஒரு பெரிய மீன் முள் கிடந்தது. நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் விலா. அதன்மேல் பலகைகளைப் பசை போட்டு ஒட்டவேண்டும், ஒட்டியதை அழுத்திப் பிடிக்க வேண்டும். வீடியோவில் அந்த ஆள் நாற்பது இறுக்கிகள் வைத்திருந்தார். என்னிடம் கொழுந்தனாரின் பூண்டு மூட்டைகள் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் பலகைமேல் பாரமாக இறக்கி வைப்பார், திங்கள் காலையில் ஏற்றிக்கொண்டு போவார். ஓரங்களை வளைத்துக் கட்டப் பழைய டயர் டியூபைக் கிழித்து வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் நாங்கள் சாப்பிட்ட சோறு, உடுத்திய துணி எல்லாம் பூண்டு மணத்தன.

இந்த இடத்தில்தான் என் திமிர் வேலை செய்தது. வீடியோவில் அந்த ஆள் பலகையின் நுனிப் பக்கம் வேண்டுமென்றே ஒரு ஓட்டை போட்டு, அதில் ஒரு திருகாணி வைத்தார். ஏன் என்று இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. நான் பத்தொன்பது வருடமாகத் தேயிலைப் பாக்கெட்டுக்குச் சீல் வைக்கிறவள். காற்று போகிற பாக்கெட் எங்கள் பிரிவில் அவமானம். அதை அமுக்கிப் பார்ப்போம், காதில் வைத்துக் கேட்போம், ஊசி முனை அளவு கசிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். அப்படிப்பட்ட நான் தண்ணீரில் போகிற பொருளில் நானே ஓட்டை போடுவதா?

வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி, "அந்த ஆளு ஓட்டை வைக்கச் சொல்றாருல்ல?" என்றார்.

நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்க உங்க சன்னலப் பாருங்க" என்றேன்.

எபாக்சிப் பிசின் பூசி, பலகையை மூச்சு முட்ட மூடினேன். காய்ந்ததும் பாக்கெட்டைப் பார்ப்பது போலவே அமுக்கிப் பார்த்தேன், காதை வைத்துக் கேட்டேன். ஒரு பொட்டுக் காற்று வெளியே போகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் வர்க்கலாவுக்குப் போக, கொழுந்தனாரின் பிக்கப்பில் பலகையைக் கம்பளி விரித்துக் கட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். மூணாறு தாண்டி அடிமாலி இறக்கத்தில் பின்னாலிருந்து டக் என்று ஒரு சத்தம். கயிறு இழுபடுகிறது என்று நினைத்தோம். இன்னும் இறங்கியதும் மறுபடி டக், டக். "மதினி, என்னமோ முறியிற சத்தம் மாதிரி கேக்குது" என்றார் கொழுந்தனார். நேரியமங்கலத்தில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திக் கம்பளியை விலக்கினேன்.

பலகை உள்வாங்கிப் போயிருந்தது. விலாக்கள் இருக்கிற இடம் மேடாகவும், இடையில் எல்லாம் குழியாகவும், பட்டினி கிடந்த மாட்டின் வயிறு மாதிரி ஒட்டிக்கிடந்தது. மூன்றாவது விலாவை ஒட்டி மயிரிழை விரிசல் ஒன்று ஓடியிருந்தது. ஐந்து மாதம் தண்ணீராய்ப் போய்விட்டது என்றே நினைத்தேன். ஊருக்குத் திரும்பிப் போய் எந்த முகத்தோடு அந்த வாசலில் நிற்பது? வீட்டுக்காரர் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தண்ணீர் குடிக்கலாம் என்று வண்டிக்குள் குனிந்தேன். காலடியில் கிடந்த பாட்டில் காலி. மூணாறிலேயே குடித்து முடித்து மூடியை இறுக்கிப் போட்டிருந்தேன். யாரோ மிதித்தது போல அது நசுங்கிக் கிடந்தது. யாரும் மிதிக்கவில்லை. மலையிறங்கும்போது காலி பாட்டில் நசுங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்று உள்ளே போய், பாட்டில் பழைய உருவத்துக்கு வந்தது.

நான் பலகைக்குள் அடைத்து வைத்தது எங்கள் மலையின் மெல்லிய காற்று. கீழே இருக்கிற கனத்த காற்று அதைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் நீளமாகச் சொன்னது இதைத்தான் என்று அப்போது புரிந்தது.

"டிரில்லிங் மெஷின் எடுங்க" என்றேன். வீட்டுக்காரர் எங்கே போனாலும் கருவிப் பை கூடவே வரும். எடுத்து, துளை போடுகிற ஊசியை மாட்டி, பழக்க தோஷத்தில் அவரே பலகை மேல் குனிந்தார்.

"நான் அடைச்சது. நாந்தேன் தொறக்கணும்."

அவர் மெஷினை என்னிடம் நீட்டினார். நுனிப் பக்கம், நடுத்தண்டை விட்டு விலகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். துளை விழுந்ததும் பலகை உஸ் என்று மூச்சை உள்ளே இழுத்தது. டீக்கடைக்காரர்கூடக் கண்ணாடி டம்ளரோடு வெளியே வந்து பார்த்தார். எங்கள் கண் முன்னால் குழிகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பின. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அழுகையையும்தான். கையோடு கொண்டுவந்திருந்த மிச்ச எபாக்சியை விரிசலில் பூசிவிட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு குட்டை போல்ட்டும் குழாய்க்குப் போடுகிற ரப்பர் வாஷரும் வாங்கி, வர்க்கலா போய்ச் சேர்ந்தபின் ஓட்டையை அடைத்தேன். அதாவது அந்த ஊர்க் காற்றை வைத்து அடைத்தேன்.

மறுநாள் காலை கடற்கரையில் பலகையை இறக்கியதும் கூட்டம் கூடிவிட்டது. அங்கே அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிற மலையாளி ஒருவர் தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், கனம் கூடுதல் என்று தலையை ஆட்டினார். நான் அவரிடம் பேச நிற்கவில்லை. பலகையோடு கட்டிய கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு, கால் தரையில் எட்டுகிற ஆழம் வரை நடந்தேன். பலகை மிதந்தது. அதில் படுத்தேன், அப்போதும் மிதந்தது. எழுந்து நிற்பதற்கு ஐந்து மாதமாக வேலைக்குப் போகும் முன் கட்டில்மேல் குதித்துப் பழகியிருந்தேன். கடல் கட்டில் இல்லை என்று முதல் ஐந்து அலைகள் சொல்லிக்கொடுத்தன. மூக்கிலும் வாயிலும் உப்பு.

ஆறாவது அலை சாது. தோளுக்குப் பின்னால் அது வருகிற இரைச்சல் கேட்டதும் இரண்டு கையாலும் துழாவினேன். பலகை தூக்கியது. கையை ஊன்றினேன், முழங்காலை இழுத்தேன், நின்றேன். நின்றேவிட்டேன். காலுக்குக் கீழே என் சில்வர் ஓக், அதற்குக் கீழே கடல், எதிரில் வாயைப் பிளந்துகொண்டு வீட்டுக்காரர். கரை மணலில் முட்டி நிற்கும்வரை நான் விழவில்லை. அப்படி ஒரு கத்தல் கத்தினேன், தேயிலைக் காட்டில் யானையைக் கண்டால்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

மூச்சு வாங்கியபடி பலகையை நிமிர்த்தி, போல்ட்டைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். ஒரு சொட்டு விழவில்லை. பத்தொன்பது வருடச் சீல் வேலை வீண்போகவில்லை.

பயிற்சிக்காரர் ஓடி வந்தார். நேராக என் வீட்டுக்காரரிடம் போய், கைகுலுக்கி, தன் பள்ளிக்கு இதேபோல இரண்டு செய்து தர முடியுமா என்று மலையாளத்தில் கேட்டார். நான் ஈரத்தோடு நின்று என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தேன்.

அவர் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "இதுல நான் ஒரு ஆணிகூட அடிக்கல. செஞ்சது இவ. முடியுமா முடியாதான்னு இவகிட்டக் கேளுங்க" என்றார்.

பயிற்சிக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டு, "எத்தனை அடி வேணும்?" என்று கேட்டேன்.