சலவைக்கடைச் சுவரில் தமிழ்

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னில், பிரன்ஸ்விக்கில், டிராம் ஓடும் தெருவில் ஒரு பழைய இறைச்சிக்கடைக்குள் அந்தத் தொலைக்காட்சி நிலையம் இருந்தது. நிலையம் என்பது கொஞ்சம் பெரிய சொல். வானலையில் ஒளிபரப்ப அதற்கு உரிமம் இல்லை. கடையின் முன்கண்ணாடிக்குள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, காசு போட்டு நாமே துணி துவைக்கும் பக்கத்துச் சலவைக்கடையின் சுவரில் இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் கம்பி இழுத்திருந்தார்கள். கம்பி போன தூரம்தான் எங்கள் ஒளிபரப்பு. அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்க் கமரா பிடிக்கப் பழகலாம். தன் மொழியில் தனக்குப் பிடித்ததைப் படமாக்கலாம். சனிக்கிழமை பிற்பகலில் காட்டுவார்கள்.

நான் இலங்கையை விட்டு வந்தபோது அங்கே தொலைக்காட்சி என்பதே கிடையாது. கணவருக்கு நில அளவையாளர் வேலை. திங்கட்கிழமை காலை நாட்டுப்புறத்துக்குப் போனாரென்றால் வெள்ளி மாலைதான் திரும்புவார். இடைப்பட்ட நாட்களில் என் வாயிலிருந்து வந்தவை கடைக்காரரிடம் ஒரு 'தேங்க் யூ', டிராமில் யாரையாவது இடித்துவிட்டால் ஒரு 'சொரி'. சில காலைகளில் குசினியில் அடுப்புக்கு முன் நின்று சத்தமாக எதையாவது சொல்லிப் பார்ப்பேன். என் குரலைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

ஒருநாள் மழைக்கு அந்தக் கண்ணாடியோடு ஒண்டி நின்றேன். பெட்டியில் ஒரு கிரேக்கப் பெண் கத்தரிக்காய் வெட்டியபடி கதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் மழை விட்ட பிறகும் நின்றேன். நிலையத்தை நடத்திய இளம்பெண், மேலாடை முழுவதும் பெயின்ட் கறையோடு, கதவைத் திறந்து, உள்ளே நின்று பார்க்கலாமே என்றாள். அந்த மாத முடிவுக்குள் நான் கமரா பிடித்துக்கொண்டிருந்தேன். பதிவுக்கருவி தோளை அறுக்கும் பாரம். சேலைக்கு மேல் அதன் பட்டியை மாட்டிக்கொண்டு இத்தாலியர்களின் கலியாணம், துருக்கியர்களின் உதைபந்தாட்டம் என்று அலைந்தேன். கமராவுக்குப் பின்னால் நிற்பவளிடம் யாரும் கதை கேட்பதில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

"உன்னுடைய மொழியில் ஒன்று செய்யேன்" என்றாள் நிலையத்தை நடத்தியவள்.

"யார் பார்ப்பார்கள்? இந்தப் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவரையும் நான் கண்டதில்லை."

"கிரேக்கப் பெண்ணை நீ பார்க்கவில்லையா?"

எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கத்தான் நினைத்திருந்தேன். கமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் தாளை மடியில் கவிழ்த்துவிட்டேன். "வணக்கம். இதை ஆராவது பாக்கிறியளோ தெரியாது" என்று தொடங்கியது நினைவிருக்கிறது. எந்தக் கடையில் தேங்காய் கிடைக்கும், செத்தல் மிளகாய்க்கு எங்கே போகவேண்டும், கோதுமை மாவில் எப்படிப் புட்டு அவிக்கலாம் என்று சொன்னேன். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல், காலையில் எழுந்தது முதல் என்ன செய்கிறேன் என்பதைச் சொன்னேன். "கதைக்க விருப்பமெண்டா இந்தக் கடைக்கு வாங்கோ. சனிக்கிழமையிலை நான் இங்கைதான்" என்று முடித்தேன்.

அது காட்டப்பட்ட நாளில் தெருவின் மறுபக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணாடிக்குள் என் வாய் அசைந்தது. ஒரு கிழவர் நின்று தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தார். இரண்டு பிள்ளைகள் என்னைப்போலத் தலையாட்டிச் சிரித்தார்கள். வேறு எவரும் நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதையே காட்டினார்கள். அன்றும் யாரும் வரவில்லை. போதும், நிறுத்திவிடுங்கள் என்றேன். இன்னொரு தடவை என்றாள் நிலையத்துப் பெண்.

அந்தத் தடவை கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் சவர்க்கார நுரை. சலவைக்கடையில் துணி போட்டவள், பெட்டியில் என்னைக் கண்டு அப்படியே வந்திருக்கிறாள். என் முகத்தையே பார்த்தாள். கடைசியில் கேட்டாள்:

"அக்கா, செத்தல் மிளகாய்னு சொன்னீங்களே... செத்தல்னா என்ன? செத்துப்போனதா?"

"காய்ஞ்ச மிளகாய்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

அவள் மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பினாங்குப் பக்கம் முகாமிட்டிருந்த ஆஸ்திரேலிய விமானப்படை மெக்கானிக் ஒருவரை மணந்து இங்கே வந்திருந்தாள். தமிழ் பேசிப் பல வருடமாகிவிட்டதாம். "கனவுலகூட இங்கிலீஷ்தான் வருது" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி செய்தோம். அவள் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால்வெட்டிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். இடையில், கீழே விழுந்து அடிபட்டதைச் சொல்ல வந்தவள் தன் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். "இதுக்கு... இதுக்கு என்ன பேர்க்கா?" அந்தச் சொல் அவளிடம் இல்லை. சொல்லிக்கொடுத்தேன். சிரித்தாள்; கண் கலங்கியது; கமரா ஓடிக்கொண்டிருந்தது. அதை வெட்ட வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

அது காட்டப்பட்டபோது அவளுடைய கணவர், செம்பட்டைத் தலை உயரமான மனிதர், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றார். அம்மா என்ன சொல்கிறாள் என்று குழந்தை கேட்டது. "எனக்குத் தெரியாதடா" என்றார். ஆனால் முடியும் வரைக்கும் நகரவில்லை. பிறகு என்னிடம் வந்து, "இவள் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை" என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று எனக்கு விளங்கவில்லை.

கோடை தொடங்குவதற்குள் அவருக்கு வடக்கே டவுன்ஸ்வில்லுக்கு மாற்றல் வந்தது. சலவைக்கடை வாசலில் நின்று அவள் என் கையைப் பிடித்து, "போயிட்டு வர்றேன்கா" என்றாள். வரமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

நிலையத்தில் எப்போதும் வீடியோ நாடாவுக்குத் தட்டுப்பாடு. ஒன்றின் மேல்தான் மற்றதைப் பதிவோம். வாடகை உயர்வுக்கு எதிரான ஒரு கூட்டத்தைப் படமாக்கப் போனபோது எங்கள் இருவரின் நாடாவைத்தான் கருவியில் மாட்ட வேண்டியிருந்தது. நடத்துகிறவள் என்னிடம் கேட்டாள். வேறு நாடா இருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள். சரி என்றேன். கூட்டத்தை நானே படமெடுத்தேன்.

டவுன்ஸ்வில்லுக்குப் போனவள் தொலைபேசி எண் தந்திருந்தாள். ஒருநாள் மாலை தூர அழைப்பு எடுத்தேன். அவளுடைய கணவர்தான் எடுத்தார். அன்பாகப் பேசி, அவளைக் கூப்பிட்டார். பின்னணியில் குழந்தையின் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"எப்பிடி இருக்கிறியள்?" என்றேன்.

அவள் ஆங்கிலத்தில், நன்றாக இருக்கிறேன், இங்கே வெக்கை அதிகம், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்றாள். நான் இன்னொரு முறை தமிழில் ஏதோ கேட்டேன். அதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. பக்கத்தில் ஆள் நின்றதாலோ, சொற்கள் மறுபடி போய்விட்டதாலோ, அறியேன். கேட்கவும் மனம் வரவில்லை. நானும் ஆங்கிலத்துக்கு மாறினேன். வெயிலைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும் கதைத்தோம். என் ஆங்கிலத்தில் அதற்கு மேல் அவளிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கணவர் வந்தபோது அவளோடு கதைத்ததைச் சொன்னேன். "சுகமா இருக்கினமாமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். மறுநாள் கிரேக்கப் பெண்களின் பாட்டுக்குழுவுக்கு நான்தான் கமரா பிடிக்க வேண்டும். காலையிலேயே நிலையத்துக்குப் போய்க் கமராக் கம்பிகளைச் சுற்றி வைத்தேன்.