சால்வை போர்த்திவிட்டு வந்த கோபம்

நடுரோட்டில் ஒரு பசுமாட்டிடம் சண்டை போட்டவன் நான். சேலையூர் கேம்ப் ரோட்டில், காலை எட்டரை மணிக்கு, "அறிவிருக்கா?" என்று அதைக் கேட்டேன். மாடு அசைபோட்டபடி என்னைப் பார்த்தது. அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

மாட்டுக்காரர் ஓடி வந்தார். "இன்னா சார், அதாண்ட போய் பேஜார் பண்ணிகினு கீற? அது இன்னா லைசென்ஸ் எடுத்துகினா வந்து நிக்குது?"

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்த மனைவி இறங்கிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். முந்தின வாரம் ஷேர் ஆட்டோக்காரரோடு சண்டை, அதற்கு முன் தண்ணீர் லாரிக்காரரோடு. "இனிமே உங்க வண்டியில ஏற மாட்டேன்," என்றாள் மாலையில். பதினெட்டு வருஷமாக தாம்பரம் ஸ்டேஷனில் அவளைக் கொண்டுபோய் விட்டவன் நான்.

கோபம் வந்தால் மூச்சை இழுத்துப் பத்து வரை எண்ணச் சொன்னார்கள். ஏழாவதில் பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். மீதி மூன்றை அவன் முகத்துக்கு நேரே எண்ணினேன்.

ஒருநாள் சிக்னலில் பைக்கில் வந்த ஒருவனைத் திட்ட வாயைத் திறந்தேன். வந்ததோ எங்கள் ஆபீஸ் அதிகாரியின் பெயர். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

நான் வேலை கற்றுக்கொடுத்த ஆளை எனக்கே மேலாக உட்கார வைத்தவர் அவர். ஏனென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போதாதென்று, அந்த ஆளுக்கு நடத்திய பாராட்டு விழாவில் பேச என்னையே கூப்பிட்டார். தமாஷாகப் பேசுகிறவன் நான்தானே. நானே சால்வை போர்த்தினேன், நானே எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அநியாயம். இன்றைக்கும் அநியாயம் என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே வாயைத் திறக்காமல், பதில் பேசத் தெரியாத மாட்டிடம் வந்து கொட்டினேன் பாருங்கள், அது என் அநியாயம்.

சிக்னலில் அப்படி நடந்த மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் மனைவி பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"எனக்குப் பொறாமை. அவமானமாவும் இருக்கு," என்றேன். "சால்வை போர்த்தும்போதே இருந்துச்சு, சிரிச்சு மழுப்பிட்டேன். கோபம் இன்னும் போகல. போகும்னும் தோணல. ஆனா யார் மேலன்னு தெரிஞ்சுபோச்சு. ஏறுறியா?"

அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு பஸ்லயே போய்க்கிறேன், நாளைக்குப் பார்க்கலாம்."